நெருக்கம்தான் மைதானத்தின் உயிர்

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் எவர்ட்டன் கால்பந்து கிளப்பின் ரசிகர்கள் பழைய குடிசன் பார்க் மைதானத்தையும் புதிய மைதானத்தையும் ஒப்பிடுவது பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். பழைய மைதானத்தின் மீதான அவர்களின் ஏக்கத்தை வெறும் பழம்பெருமை என்று ஒதுக்கக் கூடாது. 1892இல் திறந்த குடிசன் பார்க்கில் தூண்கள் பார்வையை மறைத்தன, சரி. ஆனால் ரசிகர்கள் புல்தரையை ஒட்டியே இருந்தார்கள். 2016இல் தங்கள் பழைய மைதானமான அப்டன் பார்க்கை விட்டு லண்டன் ஒலிம்பிக் மைதானத்துக்குப் போன வெஸ்ட் ஹாம் கிளப்பின் ரசிகர்கள் இழந்தது அந்த நெருக்கத்தைத்தான். அதைப் போல, தடகள ஓடுதளம் சுற்றிய மைதானத்தில் நானும் ஆட்டம் பார்த்திருக்கிறேன். எதிர்முனையில் கோல் விழுந்ததே அங்கிருந்தவர்கள் துள்ளியபோதுதான் தெரிந்தது.

புதிய மைதானம் கட்டும் கிளப்புகள், வரைபடம் முடிவாகும் முன்பே ரசிகர்களின் கருத்தைக் கேட்க வேண்டும். அப்புறம், குடிசன் பார்க்கை இடிக்காமல் மகளிர் அணிக்குக் கொடுத்ததை மற்றவர்களும் பின்பற்றலாம்.

– ஒரு கால்பந்து ரசிகர்