கூடவே வெளுத்த துண்டு

மக்களே,

நேற்று ராத்திரி நீ போனில் அழுததைக் கேட்டு அம்மாவுக்குத் தூக்கமே போச்சு. ஏதோ பெரிய விபத்து என்று நினைத்துவிட்டாள். வாடகை வீட்டுக் கார்ப்பெட்டில் இஸ்திரிப் பெட்டி விழுந்து கொஞ்சம் கருகிவிட்டது, அவ்வளவுதான் என்று தெரிந்ததும் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. "மேசை இருக்கும்போது தரையில் வைத்து எதற்குத் தேய்த்தாள்?" என்று என்னோடு சண்டை. நான் என்ன செய்ய?

போனில் விளக்கினால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு டூட்டிக்கு ஓடிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கத்தியை எடு.

அப்பாவுக்குக் கார்ப்பெட் வேலை எப்படித் தெரியும் என்று யோசிப்பாய். நீ இங்கிலாந்துக்கு, லீட்ஸுக்குப் போன பிறகு நடந்த கதை இது. நம் சர்ச்சில், கோயில் பீடத்துக்கு முன்னால் சிவப்புக் கார்ப்பெட் ஒட்டியிருக்கிறதே, போன திருவிழாவில் பூசைக்கு உதவும் பீடச் சிறுவன் ஒருவன் தூபக்கலசத்தைக் கொஞ்சம் உற்சாகமாக வீசிவிட்டான். கங்கு ஒன்று தெறித்து விழுந்தது. சாம்பிராணி வாசத்துக்குள்ளே பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் வந்த பிறகுதான் எல்லோரும் கீழே பார்த்தார்கள். ரூபாய் நாணயம் அளவு ஓட்டை, சுற்றிலும் உருகி இறுகிப்போன கறுப்பு விளிம்பு. புதுக் கார்ப்பெட் போட அன்பியங்களில், அதுதான் நம் பங்கின் சின்னச் சின்னக் குடும்பக் குழுக்களில், பணம் பிரிக்கலாம் என்று பேச்சு கிளம்பியது. நாற்பது வருஷம் தையல் மெஷின் மிதித்த திமிரில், "நான் ஒட்டுப் போட்டுத் தருகிறேன் சாமி" என்று பங்குச் சாமியாரிடம் வாயை விட்டுவிட்டேன்.

ஸ்டோர் அறையில் மிச்சத் துண்டு ஒன்று சுருட்டிக் கிடந்தது. அதே ரோலில் வெட்டியது. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும் என்று 4 அங்குலச் சதுரமாக வெட்டி ஒட்டினேன். மறுநாள் பூசைக்கு வந்தவர்கள் வாசலிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பழைய டிரவுசரின் பின்பக்கத்தில் புதுத்துணி வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஸ்டோரில் கிடந்த துண்டு வெயிலும் பார்க்கவில்லை, ஒரு காலும் அதை மிதிக்கவில்லை. தரையில் கிடந்ததோ பத்துப் பன்னிரண்டு வருஷம் சன்னல் வெயிலில் வெளுத்தது.

அதுகூடப் பரவாயில்லை. இன்னொரு தப்புதான் எனக்கு வெட்கம். வெல்வெட்டில் முடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், எல்லாத் துண்டையும் ஒரே பக்கமாக வைத்து வெட்டு என்று கடைப் பையன்களை எத்தனை முறை திட்டியிருப்பேன்! கார்ப்பெட்டும் அதே ரகம்தான். நான் துண்டைத் தலைகீழாக வைத்துவிட்டேன். பீடத்துப் பக்கம் நின்றால் வெளிறித் தெரிந்தது, வாசல் பக்கம் நின்றால் கறுத்துத் தெரிந்தது. அந்த வாரம் முழுக்க நான் கடைசி வரிசையில்தான் நின்றேன்.

அப்புறம் சன்னலோரம் புனிதர் சிலை நிற்கும் சுரூப மேடைக்குப் பக்கத்தில் ஒரு மூலையைக் கண்டேன். யாரும் அதிகம் மிதிக்காத இடம், ஆனால் வெயில் விழும் இடம். அங்கிருந்து ஒரு துண்டு எடுத்து ஓட்டைக்கு வைத்தேன். அந்த மூலைக்குப் புதுத் துண்டு போனது. இப்போது ஒட்டு எங்கே என்று எனக்கே தேட வேண்டியிருக்கிறது.

சரி, உன் கதைக்கு வருகிறேன். முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடு. மறைத்து வைத்து, காலி செய்யும்போது மாட்டினால் அட்வான்ஸோடு மானமும் போகும். சில சமயம் அவர்களிடமே மிச்சத் துண்டு இருக்கும். இருந்தாலும் அதைச் சுட்ட இடத்தில் வைக்காதே. கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், அலமாரிக்குள் என்று தேடிப்பார்; சுட்ட இடத்தின் நிறத்துக்கு எது கிட்டே வருகிறதோ அதை எடு. வீட்டுக்காரர் தந்த துண்டு அங்கே போகட்டும்.

வெட்டுவதற்கு முன் கருகிய இடத்தை விரலால் கிளறிப் பார். நுனி மட்டும் சுட்டிருந்தால் சின்னக் கத்தரியால் நறுக்கிவிட்டால் போதும், ஒட்டே வேண்டாம். அடிவரை இறுகியிருந்தால்தான் மற்ற வேலை. ஒரு நூலைப் பிடுங்கி, கைகழுவும் தொட்டிக்கு மேலே பிடித்துக் கொளுத்திப் பார். உருகி உருண்டையானால் நைலான் மாதிரிச் சரக்கு, தலைமுடி கருகும் வாசம் வந்தால் கம்பளி. உருகும் சரக்காக இருந்தால் சூட்டில் ஒட்டும் டேப் பக்கமே போகாதே, இஸ்திரிப் பெட்டியை மறுபடி தரைக்குக் கொண்டுவருவாய். இரண்டு பக்கமும் ஒட்டும் கார்ப்பெட் டேப் வாங்கு.

நல்ல துண்டை முதலில் வெட்டு, அதையே அளவாக வைத்துச் சுட்ட இடத்தை வெட்டு. மாற்றிச் செய்தால் ஓட்டை பெரிதாகி இடைவெளி விழும். வெட்டும் கோட்டில் சீப்பால் வகிடு எடுப்பதுபோல முடியை இரு பக்கமும் ஒதுக்கிக்கொள். புது பிளேடு போடு. கார்ப்பெட்டின் முதுகு மட்டும் அறுந்தால் போதும். அடியில் மெத்தை மாதிரி விரிப்பு இருக்கும், அதில் கத்தி இறங்கக்கூடாது. நீ வீடியோவில் காட்டியது நுனி வெட்டிய ரகம் மாதிரித்தான் இருந்தது. வளையம் வளையமாக இருந்தால் இரண்டு வரிசைக்கு நடுவில் வெட்டு, இல்லாவிட்டால் ஸ்வெட்டர் பிரிவதுபோல ஒரு வரிசையே பிரிந்து வரும்.

பிறகு எந்தப் பக்கம் தடவினால் வழுவழுப்பு என்று கையால் பார்த்துத் துண்டின் முதுகில் பேனாவால் ஓர் அம்புக்குறி போடு. தரைக் கார்ப்பெட்டின் வழுவழுப்பும் துண்டின் அம்பும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும், இதை மட்டும் மறக்காதே. ஓட்டையின் நான்கு ஓரத்திலும் டேப்பைப் பாதி உள்ளே தள்ளி, பாதி வெளியே தெரிய ஒட்டு. வெட்டிய விளிம்புகளில் அடிப்பாகத்தில் மட்டும் மெல்லிசாகப் பசை தடவு. முடியில் பட்டால் முள்ளாகிவிடும். துண்டை நடுவில் பிடித்து இறக்கி, ஓரங்களை விரலால் நெருக்கி, நர்ஸிங் புத்தகங்களை மேலே அடுக்கி ஒரு நாள் முழுக்க விட்டுவிடு. அந்தப் புத்தகங்களின் கனம் எனக்குத் தெரியும், நான்தானே பஸ்ஸில் தூக்கி வந்தேன். மறுநாள் சீப்பால் வாரி, துருத்தும் நுனிகளை நறுக்கு.

முதலில் எங்காவது கிடைக்கும் பழைய கால்மிதியில் ஒரு தடவை வெட்டிப் பழகு. நிஜ வெட்டுக்கு முன்னால் வீடியோவில் கூப்பிடு. உனக்குச் சாயங்காலம் 5 மணி என்றால் இங்கே ராத்திரி பத்தரை, உங்கள் கோடையில் ஒன்பதரை; நான் விழித்திருப்பேன். அம்புக்குறியை கேமராவுக்குக் காட்டின பிறகுதான் ஒட்ட வேண்டும்.

அம்மா முந்திரிக்கொத்து செய்து டப்பாவில் போட்டிருக்கிறாள். அடுத்த மாதம் யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுகிறோம். கூடவே தேய்க்கும்போது மேசையில் விரிக்க ஒரு பழைய போர்வையும் வரும். அது அவள் கோபம், கண்டுகொள்ளாதே.

அப்பா