அந்த மாத்திரை வாரத்துக்கு ஒருமுறைதான்

ஆசிரியருக்கு வணக்கம். என் அக்கா மகனுக்கு ரத்தப் புற்றுநோய், லிம்போபிளாஸ்டிக் வகை. திருவனந்தபுரத்தில் வின்கிரிஸ்டின், அஸ்பராஜினேஸ் ஊசியெல்லாம் போட்டு முடித்து, இப்போது வீட்டிலேயே மாத்திரை, இதுவே இரண்டு வருடம் போல ஓடும். மெர்காப்டோப்யூரின் தினமும் ராத்திரி, மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே ஒரு நாள். சீட்டில் குறிப்பு மலையாளத்தில், அக்காவுக்குத் தமிழ்தான் வாசிக்க வரும். சரி, செங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் கேட்டால், இரண்டு அட்டையிலும் 'தினமும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் பிள்ளைக்கு வாயெல்லாம் புண், எச்சில்கூட விழுங்க முடியாமல் அழுதான். அப்புறம் ராத்திரியோடு ராத்திரியாக ஆரியங்காவு வழியாகத் தூக்கிக்கொண்டு ஓடி, மெத்தோட்ரெக்ஸேட்டின் பாதிப்பை முறிக்கும் ஃபோலினிக் அமிலம் ஏற்றிக் காப்பாற்றினார்கள். வார மருந்தைத் தினமும் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவதே நின்றுபோகும், உயிருக்கே ஆபத்து.

எல்லை தாண்டி வைத்தியத்துக்குப் போகிற தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. அட்டையின் மேலேயே 'வாரம் ஒருமுறை, இன்ன கிழமை' என்று தமிழிலும் எழுதித் தர இரண்டு மாநில சுகாதாரத் துறைகளும் உத்தரவு போட வேண்டும். இந்தச் சிகிச்சையில் காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதையும் தமிழில் எழுதட்டும். அக்கா இப்போது காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் குங்குமப் பொட்டு வைத்திருக்கிறாள்.

ஒரு வாசகர், செங்கோட்டை