நீ பாதியில் விட்டுப்போன கணினி

அன்புள்ள கண்ணா,

பாட்டுக் கேட்பதற்கென்று நீ பொருள்களை வாங்கிச் சேர்த்து, பாதியில் விட்டுப்போன கணினியைச் சென்ற மாதம் நானே பூட்டி முடித்துவிட்டேன். ‘அடுத்த முறை வரும்போது ஒரே நாளில் முடித்துத் தருகிறேன்’ என்று இரண்டு முறை சொன்னாய். குறையாகச் சொல்லவில்லை, உனக்கு வேலை இருந்திருக்கும். அப்பா முதலில் சிரித்தார். பிறகு திருகாணிகளை அளவு பார்த்துத் தட்டில் பிரித்து வைத்துக் கொடுத்தார்.

நீ தாளின் பின்புறம் வரைந்து வைத்திருந்த படத்தைத்தான் கடைசிவரை பின்பற்றினேன். எதை எங்கே செருக வேண்டும் என்பதோடு ஏன் என்பதையும் ஓரத்தில் எழுதியிருந்தாய். 32 ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஓரக் குறிப்புகளுக்கு முழு மதிப்பெண். ஆனால் ப்ராசஸருக்கென்று தனியாக ஒரு மின் இணைப்பு உண்டு என்பதை நீ எழுதவில்லை. மதர்போர்டின் மூலையில் இருந்த அந்த நான்கு ஊசி இணைப்பை வெறுமையாக விட்டுவிட்டு, இயந்திரம் ஏன் உயிர்பெறவில்லை என்று இரண்டு நாள் திகைத்துக் கிடந்தேன். உனக்குத் தெரிந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைப்பது உன் பழைய வழக்கம். தொலைபேசியில் கேட்டிருக்கலாமே என்பாய். கேட்டிருக்கலாம்.

விசிறியே இல்லாத அமைப்புதான் வேண்டும் என்று நீ பிடிவாதமாக இருந்ததன் பொருள், பூட்டி முடித்த பிறகே எனக்கு விளங்கியது. சுருக்கி வைத்த பாட்டுக் கோப்பை விரிப்பது இன்றைய ப்ராசஸருக்கு ஒரு வேலையே இல்லை. ஆகவே குறைந்த மின்சாரத்தில் ஓடுவது போதும், அதன் வெப்பத்தைச் செப்புக் குழாய்கள் வழியாக அலுமினியப் பெட்டியின் துடுப்புகளுக்குக் கடத்திவிட்டால் விசிறி தேவைப்படாது, சுழலும் வட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. இருப்பதால் உள்ளே அசையும் பொருள் என்று ஒன்றுகூடக் கிடையாது. ஓடுகிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இரைச்சல் இல்லாத அறையில், பாட்டின் மெல்லிய இடங்களைக் கேட்பதற்காக ஒலியைக் கூட்ட வேண்டிய தேவை வராது. நீயும் அதை நினைத்துத்தான் இதைத் தேர்ந்தெடுத்தாய் என்றும், அங்கே ஹெட்போனில் ஒலியைக் குறைத்து வைத்தே கேட்கிறாய் என்றும் நம்புகிறேன்.

நீ சொன்னபடி லினக்ஸை நிறுவி, எம்.பி.டி. ப்ளேயரை அதில் வைத்தேன். அதற்குத் திரை தேவையில்லை, கைபேசியிலிருந்தே ஏவலாம். எண்களை ஒலிக்கான மின் அலையாக மாற்றும் டாக் கருவிக்கு யூ.எஸ்.பி. வழியாக எண்கள் போகின்றன. அவை எந்த வேகத்தில் வர வேண்டும் என்பதை டாக்கின் கடிகாரமே தீர்மானிக்க, கணினி அதற்குக் கீழ்ப்படிகிறது. முதல் நாளே நன்றாகப் பாடியது. ஆனால் டாக்கின் முகப்பில் 48 என்ற எண் எரிந்துகொண்டிருந்தது. குறுந்தட்டிலிருந்து எடுத்த பாட்டுக்கு அது 44.1 என்றல்லவா காட்ட வேண்டும்? நொடிக்கு 44,100 மாதிரிகளாக, அதாவது ஒலியை அளந்த எண்களாக, இருந்ததை நடுவில் ஏதோ ஒன்று 48,000 ஆக்கிக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. இரண்டுக்கும் உள்ள விகிதம் 147க்கு 160. அதாவது ஒவ்வொரு 147 மாதிரிகளின் இடத்திலும் 160 புதிய மாதிரிகளைக் கணக்கிட்டு நிரப்ப வேண்டும். பல செயலிகளின் ஒலிகளைக் கலந்து ஒரே வேகத்தில் வெளியே அனுப்பும் அடுக்குதான் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதைத் தவிர்த்துவிட்டு, லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பான ஆல்சா வழியாக நேரே டாக்குக்கு அனுப்புமாறு அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினேன், 44.1 எரிந்தது. காதுக்கு வேறுபாடு தெரிந்ததா என்றால், தெரியவில்லை. ஆயினும் ஒருவர் கொடுத்தது கொடுத்தபடியே போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

குறுந்தட்டுகள் மொத்தம் 312. ஒவ்வொன்றையும் படித்து எடுத்து, அதே தட்டைப் படித்த மற்றவர்களின் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டேன். இரண்டில் மட்டும் எண் ஒத்துவரவில்லை. துடைத்து மறுபடி படித்ததில் ஒன்று தேறியது. எல்லாவற்றையும் ஃப்ளாக்காகச் சேமித்திருக்கிறேன். குறுந்தட்டின் ஒலி அப்படியே எடுத்தால் மணிக்கு ஏறக்குறைய 635 எம்.பி.; ஃப்ளாக் அதைப் பெரும்பாலும் பாதிக்குச் சற்று மேலான அளவுக்குச் சுருக்கி, விரிக்கும்போது ஒரு பிட்டும் மாறாமல் திருப்பித் தருகிறது. மாமா வீட்டில் இன்னொரு வட்டில் பிரதியும் வைத்தாயிற்று.

உன் கல்லூரிக் காலத்து எம்.பி.3 கோப்புகளைத் தொடவில்லை. ‘அதையும் ஃப்ளாக்காக மாற்றிவிடேன், நன்றாகக் கேட்குமே’ என்றார் அப்பா. அவருக்குச் சொன்ன பதிலை உனக்கும் எழுதுகிறேன், நீ அறியாதது அல்ல என்றாலும். உரத்த ஒலிக்கு அருகில் மெல்லிய ஒலி வந்தால் காது அதைக் கவனிக்காது என்ற கணக்கில், கவனிக்கப்படாது என்று கருதும் விவரங்களை எம்.பி.3 எறிந்துவிடுகிறது. எறிந்தது எறிந்ததுதான். பிறகு அதை எந்த நல்ல வடிவத்துக்கு மாற்றினாலும் கோப்பு பெருக்குமே ஒழிய, போனது திரும்பாது.

இனி 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளாகவே வாங்க வேண்டும் என்று நீ வாதாடினாயே, அதை நான் இன்னும் ஏற்கவில்லை. ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் மாதிரி எடுத்தால் அந்த ஒலியை முழுமையாக மீட்கலாம் என்று அமெரிக்கக் கணித அறிஞர் ஷானன் 1949இல் எழுதிக் காட்டிவிட்டார். மனிதக் காதின் மேல் எல்லை 20,000 ஹெர்ட்ஸ் என்றால் 44,100 போதுமானது. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 16 பிட் ஏறக்குறைய 96 டெசிபெல் வீச்சைத் தருகிறது. ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கு 24 பிட்டால் பயன் உண்டு, உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு அந்தப் பணம் ஸ்பீக்கரில் போவதே நல்லது. நீ பணத்தை எண்ணிச் செலவழிப்பவன் என்பது எனக்குப் பெருமைதான், இந்த ஒரு விஷயத்தைத் தவிர.

எண்ணிச் செலவழிக்க வேண்டியது பணம் மட்டுமன்று. 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83இல் 20 மணி, 86இல் 10 மணி, 90க்குப் போனால் 4 மணி நேரந்தான். உள்காதின் மயிரிழைச் செல்கள் மனிதர்களுக்கு ஒரு முறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. ஹெட்போனில் ஒலியைக் கூட்டாதே என்று எத்தனை முறை எழுதுவேன் என்று நீ சலித்துக்கொள்ளக்கூடும். சலித்துக்கொள், ஆனால் கூட்டாதே.

ஆம்ப்ளிஃபையரோடு இணைத்த அன்று ஸ்பீக்கரில் தாழ்வான ஒரு முனகல் கேட்டது. அப்பா கவனிக்கவே இல்லை, நான்தான் கண்டுபிடித்தேன். கணினியும் ஆம்ப்ளிஃபையரும் வெவ்வேறு மூலைகளில் மின்சாரம் எடுத்து, இரண்டின் தரை இணைப்புகளையும் ஒலிக் கம்பி மறுபடி சேர்த்ததால் உண்டான வளையம் அது. இரண்டையும் ஒரே மின்பலகையில் செருகியதும் நின்றது. இந்த வயதிலும் என் காது எவ்வளவு கூர்மை என்று அன்று இரவு முழுவதும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள், 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை சீராக ஏறிக்கொண்டே போகும் சோதனை ஒலியைப் போட்டுப் பார்த்தேன். 4,000ஐத் தாண்டியதும் ஒலி மெலிந்தது. 6,000இல் நின்றே போனது. கோப்பில் கோளாறு என்று வேறொன்றைப் போட்டேன். கம்பியை மாற்றினேன். டாக்கைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் வெளிவாயில் நேரே இணைத்தேன். பக்கத்து அறையின் பழைய ஸ்பீக்கரைக் கொண்டுவந்து பொருத்தினேன். எல்லாவற்றிலும் அதே இடத்தில் நின்றது. நீ வாங்கிய டாக்கின் மேல் பழியைப் போட்டு உனக்கு ஒரு நீண்ட புகாரைக்கூட எழுதத் தொடங்கியிருந்தேன். அப்போது அப்பா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு உள்ளே வந்து, ‘எதற்கு இதை இப்படிக் கீச்சிட விட்டிருக்கிறாய், நிறுத்து’ என்றார். அறை முழுவதும் நிசப்தமாக இருந்தது, கண்ணா. எனக்கு.

மருத்துவர் ஒரு வரைபடம் எடுத்துக் கொடுத்தார். தாழ்ந்த அதிர்வெண்களில் கோடு ஏறத்தாழ நேராகப் போய், 2,000ஐக் கடந்ததும் படிக்கட்டில் இறங்குவதுபோல் இறங்குகிறது. இரு காதிலும் ஒரே மாதிரி. எனக்கு வந்தது வயதினால் வந்ததாம். உனக்கு அது ஹெட்போனால் வர வேண்டாம். பேச்சில் உயிர் ஒலிகளின் வலு தாழ்ந்த பகுதியிலும், ச, த போன்ற மெய்களின் நுட்பம் பெரும்பாலும் மேல் பகுதியிலும் இருக்கிறது. அதனால் ஒருவர் பேசுகிறார் என்பது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது கேட்காது. மெய் போய் உயிர் மட்டும் மிஞ்சுகிறது. மேலும் பழைய முறைத் தொலைபேசி வழி 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் கடத்துவதே இல்லை என்பதால், மிஞ்சியதிலும் பாதி அங்கே போய்விடுகிறது.

இது எனக்குச் சென்ற மாதந்தான் தெரிந்தது என்று சொன்னால் அது பொய். மூன்று ஆண்டுகளாகத் தெரியும். வரைபடம் மட்டுமே புதியது. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தும், நடுவில் ‘சரி, சரி’ என்று சொல்லியும் சமாளித்து வந்தேன். தொலைபேசியில் பார்ப்பதற்கு உதடு இல்லை.

நான்கு மாதங்களுக்கு முன் அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு நீ வெகுநேரம் பேசினாய். ‘முடிவு’ என்ற சொல்லும் ‘இனிமேல்’ என்ற சொல்லும் மட்டுமே எனக்குத் தெளிவாகக் கேட்டன. குரல் தாழ்ந்திருந்தது, நீ களைத்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி சொல் என்று கேட்க வெட்கப்பட்டு, ‘நல்லதுதான் கண்ணா, எல்லாம் நல்லதற்குத்தான்’ என்றேன். நீ சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வைக்கிறேன் என்றாய். அதற்குப் பிறகு நீ அழைக்கவில்லை. ‘என்ன சொன்னான்?’ என்று அப்பா கேட்டதற்கு, வீடு மாறப்போகிறானாம் என்று நானாக ஒன்றைச் சொல்லிவைத்தேன். அவர் இன்னும் புது முகவரிக்காகக் காத்திருக்கிறார்.

கேட்ட இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு மீதியை எத்தனையோ விதமாக நிரப்பிப் பார்த்துவிட்டேன். எம்.பி.3ஐப் பற்றி அப்பாவுக்கு அவ்வளவு விளக்கமாகச் சொன்னவளுக்கு, அப்படி நிரப்ப முடியாது என்பது தெரிந்திருக்க வேண்டும். நீ சொன்னது எதுவோ, அதற்கு நான் ‘நல்லது’ என்று பதில் சொல்லியிருக்கக் கூடாது என்பது மட்டும் அன்றைய உன் மௌனத்திலிருந்து இப்போது புரிகிறது.

ஆகவே, அன்று சொன்னதை எனக்கு எழுதி அனுப்பு. எழுத மனம் வரவில்லையென்றால் பேசிப் பதிவு செய்து அனுப்பு. நிறுத்தி, நிதானமாகப் பேசு. காதுக் கருவி அடுத்த வாரம் வருகிறது. அது பழகும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலான பகுதியை மட்டும் உயர்த்தித் தரும் அமைப்பு ஒன்றை ப்ளேயரோடு சேர்த்து வைத்திருக்கிறேன். கொடுத்த எண்களை மாற்றக் கூடாது என்ற என் பிடிவாதத்தை உன் குரலுக்காக மட்டும் விட்டுவிட்டேன். எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் போட்டுக் கேட்பேன். அப்பாவிடம் உண்மையை அதற்குப் பிறகு சொல்கிறேன்.

கைபேசிச் செயலியில் குரல் செய்தியாக அனுப்பிவிடாதே, அதுவும் சுருக்குவதற்காக எதையாவது எறிந்துவிடும். ஃப்ளாக்காகவே அனுப்பு. 16 பிட் போதும்.

அன்புடன்,
அம்மா