பலகையில் ‘ஆங்கிலிக்கன்’ என்றிருந்தால் மட்டும் போதாது

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்கு,

அமெரிக்காவில் எந்த ஆலயத்தில் சேர்வது என்று கேட்டிருந்தாய். பெயர்ப்பலகையை மட்டும் நம்பிவிடாதே அம்மா. ‘எப்பிஸ்கோப்பல்’ என்று எழுதியிருந்தால், அதுதான் இங்கிலாந்துச் சபையின் தலைமைப் பேராயர் இருக்கும் கேன்டர்பரியோடு ஐக்கியத்தில் இருக்கும் அமெரிக்கச் சபை. நம் தென்னிந்தியத் திருச்சபையும் அதே உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்தது. ‘ஆங்கிலிக்கன்’ என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் எப்பிஸ்கோப்பல் சபையிலிருந்து பிரிந்தவர்கள்.

அமெரிக்க விடுதலைப் போருக்குப் பின், இங்கிலாந்து அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்யாதவரை இங்கிலாந்துப் பேராயர்கள் அபிஷேகம் பண்ணச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதனால் அமெரிக்க ஆயர் சாமுவேல் சீபரி ஸ்காட்லாந்துக்குப் போய், 1784 நவம்பர் 14-ல் அபர்டீனில் பேராயரானார். அதனால்தான் அமெரிக்கச் சபையின் 1789 ஜெபப் புத்தகத்தின் திருவிருந்து ஜெபத்தில், அப்பத்தின்மேலும் ரசத்தின்மேலும் ஆவியானவரை வேண்டும் ஸ்காட்டிஷ் வரி வந்தது. இங்கிலாந்தின் 1662 புத்தகத்தில் அது கிடையாது. அரசர் இல்லாமலும் பேராயர் மரபு நிற்கும் என்று காட்டியது அந்த அமெரிக்கச் சபை. எனக்கு அதன்மேல் மரியாதை வர அதுவே காரணம்.

எப்பிஸ்கோப்பல் சபை கொண்டுவந்த பெண்களுக்கு ஆயர் பட்டம் (1976), புதிய ஜெபப் புத்தகம் இவற்றை ஏற்காதவர்கள் 1977-ல் செயின்ட் லூயிஸில் கூடித் தனி வழி போனார்கள். ஓரினச்சேர்க்கையாளர் ஒருவர் 2003-ல் பேராயரான பிறகு பெரிய பிளவு வந்தது. 2009-ல் வட அமெரிக்க ஆங்கிலிக்கன் சபை உருவானது. ஆப்பிரிக்கப் பேராயர்கள் பலர் அதை அங்கீகரிக்கிறார்கள், கேன்டர்பரி அங்கீகரிக்கவில்லை. பிரிந்தவர்களில் பலர் வழக்குகளில் கட்டடத்தை இழந்து பள்ளிக்கூட அரங்கில் கூடுகிறார்கள். கூடும் இடத்தை வைத்து எந்தச் சபையையும் எடைபோடாதே.

இருக்கையில் உள்ள ஜெபப் புத்தகத்தின் ஆண்டைப் பார். 1979 என்றால் எப்பிஸ்கோப்பல். 355-ஆம் பக்கத்தைத் திற, இன்றைய ஆங்கிலத்தில் திருவிருந்து ஆராதனை அங்கே தொடங்கும். பழைய நடை வேண்டுமானால் 323. 2019 என்றால் வட அமெரிக்க ஆங்கிலிக்கன் சபை. 1928 என்றால் பெரும்பாலும் 1977-ல் பிரிந்தவர்கள். ஆனால் 2009 சபையிலும் சிலர் பழைய புத்தகங்களை வைத்திருப்பதால் இது மட்டும் போதாது. “உங்கள் பேராயர் யார், எந்தத் திருமண்டலம்?” என்று ஆயரிடமே கேட்டுவிடு.

இன்னொன்று, அங்கே ஆயரை மாற்றல் உத்தரவில் அனுப்புவதில்லை. சபையார் தேர்ந்தெடுத்த குழு தேடி அழைக்கும், பேராயர் சம்மதிப்பார். அதனால் சபைக்குச் சபை போதனையும் மாறும். ஒரே ஞாயிறில் முடிவு செய்யாதே.

ஞானஸ்நானச் சான்றிதழையும் திடப்படுத்தல் சான்றிதழையும் அனுப்புகிறேன். எந்தச் சபை என்று எழுது, நம் ஆயரிடம் மாற்றுக் கடிதம் வாங்கிவிடலாம்.

அன்புடன்,
அப்பா