திருப்பூர் பனியன் கம்பெனிகளின் ஹெச்.ஆர். தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஹெச்.ஆர். மேலாளர்களுக்கு,

வணக்கம். ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் தரப்பிரிவில் வேலை பார்ப்பவள் நான். உங்களில் பலரை ஆடிட் நாட்களில் பார்த்திருக்கிறேன். தையல் தொழிலாளிகளுக்குப் புதுத் திறனைக் கற்றுக்கொடுத்து, அதற்கேற்ற சம்பளமும் பதவி உயர்வும் தருவது பற்றித்தான் இந்த மடல். நீங்கள் மனது வைத்தால் நடக்கக்கூடிய விஷயம் இது.

2030க்குள் ஒரு லட்சம் கோடி ரூபாய் ஏற்றுமதி என்று நம்ம ஊர் இலக்கு வைத்திருக்கிறது. இப்போது நடப்பது ஏறக்குறைய 40,000 கோடி. பருத்தியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது, பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை ஆடைகளுக்கும் போக வேண்டும், கூடுதல் விலை கிடைக்கும் ரகங்களைத் தைக்க வேண்டும் என்று முதலாளிகள் எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு இந்தப் பேச்சு இன்னும் வேகமெடுத்தது. சரியான பேச்சுதான். ஆனால் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இதில் எது போய்ச் சேருகிறது? இன்றைய டார்கெட் மட்டும்தான்.

பருத்தியில் கை பழகியவருக்குப் பாலியஸ்டர் வேறு உலகம். துணி வழுக்கும். ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் இழை கலந்திருந்தால் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாலே தையல் அலை அலையாக வரும். மிஷின் வேகத்தில் ஊசி சூடேறி இழை உருகும். ஊசியை மாற்ற வேண்டும், நூல் டென்ஷனைக் குறைக்க வேண்டும், கை வைக்கும் விதத்தையே மாற்ற வேண்டும். ஆர்டர் பிடிக்கும்போதே இது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் லைனில் இருப்பவர்களுக்குத் துணிப் பண்டல் வந்து இறங்குகிற அன்றைக்குத்தான் தெரிகிறது. அந்த வாரம் முழுக்க என் மேசையில் ரிஜெக்ட் குவியும். சூப்பர்வைசர் சத்தம் போடுவார். "டைலருக்கு ஸ்கில் இல்லை" என்று ரிப்போர்ட் போகும். அந்த ஸ்கில்லைக் கற்றுக்கொடுக்க முந்தின மாதம் எத்தனை மணி நேரம் ஒதுக்கினோம் என்று அந்த ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்காது.

உங்கள் சிரமமும் எனக்குப் புரிகிறது. நம்ம ஊரில் பல கம்பெனிகளில் ஹெச்.ஆர். துறை வளர்ந்ததே வெளிநாட்டு பையர்களின் ஆடிட்டுக்காகத்தான். பி.எஃப்., இ.எஸ்.ஐ., வருகைப் பதிவு, தீயணைப்புப் பயிற்சி, கமிட்டி மினிட்ஸ் என்று ஃபைல்களிலேயே உங்கள் நாள் போய்விடுகிறது. அந்த வேலையால் தொழிலாளிக்குக் கிடைத்த பாதுகாப்பு சின்ன விஷயமில்லை. அதற்கு நன்றி. ஆனால் டிரெயினிங் ஃபைலைத் திறந்தால் உள்ளே கையெழுத்துகள்தான் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டவர் அதற்குப் பிறகு எந்த வேலைக்கு உயர்ந்தார் என்ற விவரம் எங்கேயும் இல்லை.

லைனுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும், யாருக்கு எந்த வேலை தெரியும் என்று காட்டும் ஸ்கில் மேட்ரிக்ஸ் பலகையைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக வட்டங்கள் இருக்கும். கால் வட்டம் நிரம்பியிருந்தால் கற்றுக்கொள்கிறார், முழு வட்டம் என்றால் அடுத்தவருக்கே சொல்லித்தருவார். எங்கள் லைனில் ஒரு அக்காவுக்கு ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்ற மூன்று மிஷின்களிலும் முழு வட்டம். யார் லீவு போட்டாலும் அந்த மிஷினுக்கு அவர்தான் போவார். அவருக்கும் ஒரே ஒரு மிஷின் மட்டும் தெரிந்தவருக்கும் ஒரே ஷிப்ட் சம்பளம். சங்கங்கள் பேசி முடிக்கும் கூலி ஒப்பந்தம் கட்டிங், டைலர், செக்கிங், கைமடி என்று வகை பிரித்துக் கூலி சொல்கிறது. அதற்கு மேல் படி வைப்பதை ஒப்பந்தம் தடுக்கவில்லை. அதை வைக்க வேண்டியது கம்பெனி. அப்புறம் தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு டைலர்கள் வேறு கம்பெனிக்குப் போகிறார்கள் என்று வருத்தப்படுகிறோம். கம்பெனி மாறினால்தான் பத்து ரூபாய் கூடும் என்ற நிலையில் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

"கற்றுக்கொடுத்தால் ஓடிவிடுவார்கள்" என்று என்னிடமே பலர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பெங்களூரில் நடந்த ஒரு ஆய்வைச் சொல்கிறேன். ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் 5 தொழிற்சாலைகளில் தையல் வேலை பார்த்த பெண்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துப் பேச்சுத்திறன், நேரத்தைத் திட்டமிடுவது, பிரச்சினையை எடுத்துச் சொல்வது போன்றவற்றில் பயிற்சி கொடுத்தார்கள். அச்யுத அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நிஷாதம் ஆகிய பொருளாதார அறிஞர்கள் அதன் விளைவை அளந்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித் திறன் கூடியது. சிக்கலான ஆபரேஷன்கள், அதாவது தையல் வேலைகள், அவர்கள் கைக்கு வந்தன. அவர்கள் கூட்டமாக வேலையை விட்டுப் போகவும் இல்லை. பயிற்சி முடிந்த எட்டு மாதத்துக்குள் நிறுவனத்துக்குக் கிடைத்த நிகர லாபம் செலவைப்போல இரண்டரை மடங்கு என்று கணக்கிட்டார்கள். அதே ஆய்வில் இன்னொரு தகவலும் உண்டு: அந்தப் பெண்களின் சம்பளம் ஒரு சதவீதம்கூட உயரவில்லை. நான் இந்த மடலை எழுதக் காரணமே இந்தத் தகவல்தான். வளர்ச்சி நடந்தது, அதன் பலன் ஏறக்குறைய முழுக்க ஒரே பக்கம் போனது. இங்கே அப்படி நடக்க விடாதீர்கள்.

பெண்கள் சூப்பர்வைசர் ஆவது இன்னொரு விஷயம். லைனில் பெரும்பாலும் பெண்கள், லைனை நடத்துவது பெரும்பாலும் ஆண்கள். வங்கதேசத்தில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வும் உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி.யும் சேர்ந்து 2016ல் ‘கியர்’ என்ற திட்டத்தைத் தொடங்கின. தையல் பெண்களை லைன் சூப்பர்வைசர்களாக உயர்த்துவதற்கென்றே அமைந்த பயிற்சி அது. நம்மோடு போட்டி போடுகிற நாடு செய்ததை நம்மாலும் செய்ய முடியும். நான் சொன்ன அந்த அக்காவிடம் ஒருமுறை சூப்பர்வைசர் வேலைக்குக் கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டார். "பொம்பளைங்களுக்கு ஆர்வம் இல்லை" என்று அதோடு முடித்துக்கொண்டார்கள். காரணத்தை யாரும் கேட்கவில்லை. ஒன்றரை ஷிப்ட் முடிந்து எட்டரைக்குக் கம்பெனி பஸ் கிளம்பிவிடும். சூப்பர்வைசர் அதற்கு மேலும் இருந்து ரிப்போர்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் ஊருக்கு அதன்பின் பஸ் இல்லை. ரிப்போர்ட்டை மறுநாள் காலை எழுதலாம் என்று ஒரு மாற்றம் செய்திருந்தால் போதும்.

அடுத்த ஆண்டு எந்த ரக ஆர்டர்களை எடுக்கப்போகிறோம் என்று முதலாளியும் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரும் உட்கார்ந்து பேசும் கூட்டத்தில் நீங்களும் போய் உட்காருங்கள். அந்த ரகத்துக்கு எந்தெந்த ஆபரேஷனில் எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கெடுத்து, ஆர்டர் வருவதற்கு முன்பே ஷிப்ட் நேரத்தில், சம்பளத்தோடு கற்றுக்கொடுங்கள். ஒரு வட்டம் முழுசாக நிரம்பினால் ஷிப்டுக்கு எவ்வளவு கூடும் என்பதை எழுதிப் பலகையிலேயே ஒட்டுங்கள், தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும். ஏனென்றால் பாதி லைன் இன்று வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள். முதலாளியிடம் கேட்கச் சங்கடமாக இருந்தால் ஒரு லைனில் மட்டும் ஆறு மாதம் செய்து பார்க்க அனுமதி வாங்குங்கள். அந்த லைனின் ரிஜெக்ட் கணக்கை வாராவாரம் எடுத்துக் கொடுக்கிற பொறுப்பை நான் ஏற்கிறேன். மற்ற கம்பெனிகளின் தரப்பிரிவுகளிலும் இதைச் செய்ய ஆள் கிடைப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
ஒரு தர ஆய்வாளர்,
திருப்பூர்