கல்லறைத் தோட்டம் ஒன்றாகிறது: வீட்டுக்கு ஒரு வரி கேட்டு வருகிறோம்

கிறிஸ்துவுக்குள் அன்பார்ந்த பங்கு மக்களே, வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளே,

நம் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் மேலத்தெரு, கீழத்தெரு என்று சாதி பிரித்து நிற்கும் சுவரை எடுத்துவிட்டு முழு இடத்தையும் ஒரே தோட்டமாக்குவது என்று பங்குப்பேரவையில் முடிவாகிவிட்டது. ஆயர் இல்லத்தின் அனுமதிக் கடிதமும் வந்துவிட்டது. இனி வேலை தொடங்க வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். வீட்டுக்கு 2,000 ரூபாய் வரி என்று வைத்திருக்கிறோம். மேலத்தெருவானாலும் கீழத்தெருவானாலும் எல்லா வீட்டுக்கும் அதே தொகைதான்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கிராமத்துக் கோயில்களில் வரி கொடுத்தவருக்குத்தான் உரிமை. திருவிழா வரி வாங்கிவிட்டால் அந்தத் தெருவுக்குத் தேர் போக வேண்டும், அந்த வீட்டுக்காரரைக் கமிட்டியில் உட்கார வைக்க வேண்டும், கணக்கு கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அதனாலேயே பல ஊர்களில் தலித் மக்களிடம் வரி வாங்காமல் விட்டுவிடுவார்கள். "உங்களுக்கு எதுக்குச் சிரமம், நாங்களே பாத்துக்கிறோம்" என்பார்கள். நம் பங்கிலும் வெகுகாலம் அப்படித்தான் நடந்தது. கீழத்தெருவில் வரி கேட்டு நாங்கள் போனபோது, நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பாட்டி சுருக்குப்பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்து முதல் தவணையாகக் கொடுத்தார். "ரசீதுல எங்க வீட்டுக்காரர் பேரைப் போடுங்கய்யா. உசுரோட இருந்தவரைக்கும் அவருகிட்ட ஒருத்தரும் வரி கேட்டதில்ல" என்றார். அந்தக் கணவர் பெயரில்தான் ரசீது எழுதிக் கொடுத்தோம்.

வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சுவர் எப்படி இருக்கிறதென்று தெரியாமல் இருக்கலாம். அடியில் கருங்கல், மேலே செங்கல், ஆள் உயரம். தார்ச்சாலையை ஒட்டிய மேட்டுப் பக்கத்தில் சிலுவை வைத்த வளைவும் இரும்புக் கதவும் உண்டு. கீழத்தெருவுக்கான மறுபக்கம் பள்ளம். அங்கே போக ஓடைக்குள் இறங்கி ஏற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சாவு விழுந்தால் பிணம் தூக்கும் தூம்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடப்பார்கள். வெட்டிய குழியில் ஊற்று கிளம்பி, வாளி வாளியாக இறைத்துவிட்டுத்தான் இறக்குவார்கள். வருஷா வருஷம் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று சாமியார் இந்தப் பக்கக் கல்லறைகளை மந்திரித்துவிட்டு வெளியே வந்து, சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போவார். தீர்த்தச் செம்போடு கோயில் பணியாளரான கோயில்பிள்ளை பின்னால் ஓடுவார். ஞாயிற்றுக்கிழமை ஒரே வரிசையில் நின்று ஒரே நற்கருணை வாங்குகிறவர்கள்தான் இரண்டு பக்கமும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 10 அன்று நாம் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறோம். பட்டியல் சாதிகள் பற்றிய 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையைத் திருத்த வேண்டும், 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கிடைத்த பட்டியல் சாதி உரிமை தலித் கிறிஸ்தவருக்கும் வேண்டும் என்று கேட்கிறோம். நியாயமான கோரிக்கை, தொடர்ந்து கேட்போம். ஆனால் அரசிடம் சமத்துவம் கேட்கிற நாம் நம் சுவரை நாமே எடுக்க வேண்டும். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு அதைப் பாவம் என்றே சொல்கிறது. திருச்சி மேலப்புதூரில் சாதி பிரித்துக் கட்டிய கல்லறைச் சுவரைப் பற்றி நாளிதழில் படித்து வருத்தப்பட்டவர்கள் நம்மில் பலர். அதேபோன்ற சுவர் நம் ஊரிலும் இருக்கிறது.

சுவரை எடுத்தால் சண்டை வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தை நினைவூட்டுகிறோம். அங்கே கோயிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாகப் பிரிந்து உட்காரும்படி கட்டியிருந்தார்கள். 1910-இல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை இடித்தார். எதிர்த்தவர்கள் உயர்நீதிமன்றம் வரை போயும் தோற்றார்கள். இன்று அந்தத் தடுப்பை யாரும் தேடுவதில்லை.

சரி, வேலை விவரத்துக்கு வருவோம். மொத்த மதிப்பீடு 9,60,000 ரூபாய். இதில் பெரிய செலவு பள்ளப் பகுதிக்கு மண் அடித்து மேடாக்குவதுதான். அதைச் செய்யாவிட்டால் சுவர் போனாலும் தண்ணீர் நின்று, பழைய பிரிவு அப்படியே தெரியும். அப்புறம் பெரிய கதவிலிருந்து கடைசி வரை சிமென்ட் பாதை, ஒரு போர்வெல், கைகால் கழுவத் தொட்டி, மழைக்கு ஒதுங்க நடுவில் ஒரு செபக்கொட்டகை. சுவரில் கிடைக்கும் கருங்கல்லை அந்தக் கொட்டகையின் அடித்தளத்துக்குப் போடுகிறோம். இரண்டு தெருவுக்கும் தனித்தனியாக இருந்த தூம்பாக்களுக்குப் பதில் சக்கரம் வைத்த ஒரே தூம்பா செய்கிறோம்.

"எங்க தாத்தா கல்லறையைத் தொடுவீங்களா?" என்று சிலர் கேட்டார்கள். இப்போது இருக்கும் எந்தக் கல்லறையையும் இடம் மாற்ற மாட்டோம். மண் அடிக்கும் இடத்தில் இருக்கும் கல்லறைகளை, அந்தந்தக் குடும்பத்தார் முன்னிலையில், அதே இடத்திலேயே உயர்த்திக் கட்டிக் கொடுப்போம். இனிமேல் வரும் அடக்கங்கள் மட்டும் வரிசைப்படி நடக்கும், குடும்பத்துக்கென்று இடம் பிடித்து வைக்க முடியாது. அரிமத்தியா ஊர் யோசேப்பு தனக்கென்று பாறையில் வெட்டி வைத்த புதுக் கல்லறையைத்தான் ஆண்டவருக்குக் கொடுத்தார் என்பதை, இடம் விட்டுக்கொடுக்க மனம் வராதவர்கள் செபத்தில் யோசித்துப் பாருங்கள்.

நம் பங்கில் 312 வீடுகள். எல்லா வீட்டிலும் வரி வந்தால் 6,24,000 ரூபாய் சேரும். மீதி 3,36,000 ரூபாய்க்கு வெளியில் இருக்கும் பிள்ளைகளை நம்பியிருக்கிறோம். திருப்பூரில், சென்னையில், வளைகுடாவில் இருப்பவர்கள் முடிந்ததை அனுப்புங்கள். முழுச் செலவையும் தானே ஏற்பதாக ஒருவர் முன்வந்தார். நன்றி சொல்லி மறுத்துவிட்டோம். ஒருவர் பணத்தில் எடுத்த சுவர் ஊர் எடுத்த சுவராகாது என்பது குழுவின் கருத்து. அதே காரணத்துக்காக உபயம் என்று கல்வெட்டிலோ விளக்கிலோ பெஞ்சிலோ யார் பெயரும் எழுதப்படாது.

வரியை நான்கு தவணையாகக் கட்டலாம். உதவித்தொகையில் வாழும் முதியவர்களும் கைம்பெண்களும் தங்களால் முடிந்ததைக் கொடுத்தாலே முழு வரியாக வரவு வைப்போம். பணமில்லாதவர்கள் நான்கு நாள் கொத்து வேலைக்கோ சித்தாள் வேலைக்கோ வந்தால் அதுவும் வரிதான். சுவரின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பணத்தைக் கோயில் அலுவலகத்திலோ உங்கள் அன்பியத்தின் (பகுதி செபக் குழுவின்) பொறுப்பாளரிடமோ கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். வரவு செலவு மாதத்தின் முதல் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வாசிக்கப்படும், அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படும். மழைக்கு முன் மண் அடித்தாக வேண்டும் என்பதால் முதல் தவணையை ஆடி மாதத்துக்குள் செலுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
கல்லறைத் தோட்டப் பணிக்குழு
(மேலத்தெரு, கீழத்தெரு அன்பியங்கள் சார்பாக)