ஆறு பேருக்கான அளவு

வெள்ளவத்தை,
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

தம்பி,

போன ஞாயிறு நீ கேட்ட, சோஸ் ஊற்றி அவன் அடுப்பில் சுடுகிற மரக்கறி பேக்கின் அளவு இது. போனிலேயே சொல்லியிருப்பேன். "ஒராளுக்கு எவ்வளவு போட வேணும் அம்மா?" என்று நீ கேட்டதும் எனக்குச் சொல் வரவில்லை. 31 வருடம் மனையியல் படிப்பித்தவள் நான். 4 பேருக்கு, 6 பேருக்கு, பழைய மாணவியர் விருந்துக்கு 60 பேருக்கு என்று கரும்பலகை நிறைய எழுதியிருக்கிறேன். ஒருவருக்கென்று எழுதியதில்லை. ஆகவே 6 பேருக்கே எழுதுகிறேன். மிஞ்சினால் பிரிஜ்ஜில் வைத்து அடுத்த நாள் சூடாக்கிச் சாப்பிடு. இரண்டாம் நாள்தான் அதற்கு ருசியே.

உருளைக்கிழங்கு 500 கிராம், கரட் 250, போஞ்சி 200, சின்னக் கோலிபிளவர் ஒன்று, லீக்ஸ் ஒரு தண்டு. லீக்ஸை நெடுக்காகப் பிளந்து, தண்ணீருக்குள் இதழ் இதழாக விரித்துக் கழுவு. மடிப்புக்குள்தான் மண் இருக்கும். நுவரெலியா லீக்ஸுக்கும் உங்கள் ஆஸ்திரேலியா லீக்ஸுக்கும் அதில் வித்தியாசம் இராது. சோஸுக்குப் பட்டர் 50 கிராம், கோதுமை மா 50 கிராம், பால் அரை லீற்றர். சீஸ் 100 கிராம் துருவிக்கொள். உள்ளி இரண்டு பல்லு, வெள்ளை மிளகுதூள், சாதிக்காய் துருவியில் நாலு இழுப்பு, கூட இழுத்தால் மருந்து மணக்கும். மேலே தூவக் காய்ந்த பாண் தூள் ஒரு கைப்பிடி. விதை எடுத்த பச்சை மிளகாய் ஒன்று, அது எங்கள் வீட்டுச் சேர்க்கை, பரீட்சைத் தாளில் எழுதினால் புள்ளி குறைத்திருப்பேன்.

கரட் என்றதும் ஞாபகம் வருகிறது. 2024 தை மாதம் கிலோ 2000 ரூபாய்க்குப் போனதே, அப்போது அப்பா மாக்கெற்றில் ஒரேயொரு கரட்டைத் தராசில் வைத்து விலை கேட்டுவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வந்தார். கடைக்காரன் சிரித்தானாம். அப்பாவும் சிரித்தாராம். வீட்டுக்கு வந்து பின்னேரம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. மனதில் ஒன்று இருந்தால் அவர் இப்படித்தான். அந்தப் பழக்கம் யாருக்கு வந்திருக்கிறதென்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, செய்முறை. மரக்கறியை உப்புத் தண்ணீரில் முக்கால் பதத்துக்கு அவி. உருளைக்கிழங்கை முதலில் போடு, கோலிபிளவரைக் கடைசியில். பிறகு வடி. நன்றாக வடி. வடித்ததைச் சுத்தமான துணியில் பரப்பி ஆவி அடங்கும்வரை விடு. அவசரப்பட்டுத் தட்டில் கொட்டினாயோ, அடியில் தண்ணீர் நிற்கும், மேலே சோஸ் மிதக்கும், மழை பெய்து விட்ட எங்கள் ஒழுங்கை மாதிரி. எல்லாரும் பிழைவிடுகிற இடம் இதுதான்.

சோஸுக்குப் பட்டரை மெல்லிய நெருப்பில் உருக்கி, நசுக்கிய உள்ளியைப் போட்டு மணம் வந்ததும் மாவைப் போடு. இரண்டு நிமிடம் கிளறு, நிறம் மாறக் கூடாது, பச்சை மா மணம் மட்டும் போனால் சரி. மாவின் ஒவ்வொரு துகளையும் பட்டர் சுற்றிக்கொள்வதால்தான் பால் பட்டதும் கட்டி விழுவதில்லை. இதை நீ சாதாரணதரம் படிக்கிற காலத்தில் குசினி வாசலில் புத்தகத்தோடு இருந்து கேட்டிருக்கிறாய். எங்கள் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு முன்னம் உனக்கு அது பாடம். இப்போது அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கரை. முதல் இரண்டு கரண்டிப் பாலுக்கு அது களி மாதிரி இறுகும், பயப்படாதே, விட விட இளகும். திரும்ப அடுப்பில் ஏற்றிக் கொதி வரும்வரை கை எடுக்காமல் கிளறு. அகப்பையின் பின்பக்கத்தில் விரலால் ஒரு கோடு இழு. கோடு மூடாமல் நின்றால் பதம். சீஸில் முக்கால் பங்கை அடுப்பை நிறுத்திய பிறகு போடு. கொதியில் போட்டால் எண்ணெய் பிரிந்து திரி திரியாகப் போய்விடும்.

உனக்கு அங்கே நல்ல பால் கிடைக்கிறது. நாங்கள் பால்மாவைக் கரைத்துத்தான் இவ்வளவு காலமும் செய்தோம். 2022 இல் அதற்கும் வரிசை, காஸுக்கும் வரிசை, பங்குனி கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. அந்த வருடம் முழுக்க நான் இதைச் செய்யவில்லை. நீயும் மருமகளும் அப்போது அனுப்பிய பெட்டியில் மூன்று பால்மாப் பைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த கடதாசி அவவின் கையெழுத்து. உன்னுடையது அல்ல.

அன்றைக்கு நீ பேசும்போது கமராவைக் கூரைக்குத் திருப்பி வைத்திருந்தாய். நடுவில் ஒரு தரம் கை பட்டுப் போன் சரிந்தது. ஒரு நொடிதான். தண்ணீர்க் குழாய் யன்னலுக்கு இடப்பக்கம் தெரிந்தது. உங்கள் வீட்டுக் குழாய் வலப்பக்கம் அல்லவா? நாங்கள் அங்கே வந்து நின்ற ஆறு கிழமையும் அந்தக் குழாயில் கோப்பை கழுவியவள் நான். சுவரில் நான் அனுப்பிய கோயில் கலண்டரும் இல்லை. குசினியைத் திருத்திக் கட்டுகிறீர்களாக்கும் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரைத் திருப்பினார்.

அது கிடக்கட்டும். அவன் அடுப்பை 180 பாகையில் முன்கூட்டியே சூடாக்கு. உள்ளே விசிறி உள்ளதென்றால் 160 போதும். தட்டுக்குப் பட்டர் பூசி, மரக்கறியைப் பரப்பி, சோஸை ஊற்றி, மிச்சச் சீஸும் பாண் தூளும் தூவி 25 நிமிடம். ஓரங்களில் குமிழி வெடித்து, மேலே அங்கங்கே பொன்னிறம் வரவேண்டும். எடுத்து 10 நிமிடம் ஆறவிட்டுத்தான் வெட்டு. ஆடி மாதக் குளிருக்கு உங்கள் ஊரில் இதைவிட நல்ல சாப்பாடு இல்லை. சோறும் பருப்பும் கூட இருந்தால் போதும். தனியே பாணோடு சாப்பிட்டு முடிக்காதே. மரக்கறியை நன்றாக வடித்தாயா என்று ஒரு தரம் பார்.

இங்கே ஆடிவேல் தேர் வந்து போனது. காலி வீதியில் சனம். அப்பா முழங்காலோடு படி இறங்க முடியாமல் விறாந்தையில் நின்றே கும்பிட்டார். அர்ச்சனைக்கு உன் பெயரும் நட்சத்திரமும் சொன்னேன். வழக்கம்போல அவவின் பெயரையும் சொன்னேன். ஐயர், "மகன் பெரிய இஞ்சினியராமே" என்றார், பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க? "மகனும் மருமகளும் சுகமோ?" என்று மாமி கேட்டா. நல்ல சுகம் என்றேன். வாய் தானாகவே சொல்லிவிடுகிறது. நீ ஒழுங்காக ஒரு சொல் சொல்லியிருந்தால் நானும் ஒழுங்காகச் சொல்லியிருப்பேன்.

தட்டைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். கண்ணாடித் தட்டு சூடாக இருக்கும்போது ஈரக் கல்லில் வைக்காதே, பச்சைத் தண்ணீர் காட்டாதே, வெடித்துவிடும். எங்கள் தட்டு பக்கத்து வீட்டுப் பறங்கி அன்ரி தந்தது என்று உனக்குத் தெரியும். 1956 தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு அவர்கள் ஆட்கள் ஒவ்வொரு குடும்பமாக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள், அன்ரி கடைசி ஆட்களில் ஒருவர். போகும்போது இதைத் தந்து, சோஸ் கிளறவும் காட்டித் தந்தா. 83 கலவரத்தில் நாங்கள் கப்பலில் காங்கேசன்துறை போய்த் திரும்பி வந்தபோது வீட்டில் கதிரை இல்லை, கதவில்லை, இந்தத் தட்டு மட்டும் அடுப்புக்குப் பின்னால் கரியோடு கிடந்தது. ஒரு கீறல் இல்லை. அதனால்தான் எனக்கு இந்தச் சாப்பாட்டில் இவ்வளவு கர்வம். வேறு யாரும் செய்தால் பொறுக்காது.

போன மார்கழிக்கு முந்தின மார்கழி, நீங்கள் வந்து நின்றபோது, அவவும் ஒரு பேக் செய்தா. பூசணியையும் கரட்டையும் வெங்காயத்தையும் பெரிது பெரிதாக வெட்டி, எண்ணெய் பூசி, முதலில் வெறுமனே அவனில் வாட்டி, பிறகுதான் சோஸ் ஊற்றினா. நான் மேசையில் என் தட்டை நடுவில் வைத்தேன். அவவினதைக் கைகழுவுகிற தொட்டிப் பக்கம், ஓரத்தில். "பூசணியை யாரும் பேக் பண்ணுவினமோ? அது கறிக்கல்லோ" என்றேன். சித்தி சிரித்தா. நீயும் சிரித்தாய். ஆறு பேரும் என்னுடையதைத்தான் சாப்பிட்டோம். அவ எழுந்து, தொடாத தட்டைத் தானே குசினிக்குக் கொண்டுபோய், வெள்ளித்தாள் போட்டு, நாலு மூலையையும் விரலால் அழுத்தி அழுத்தி மூடினா. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு எல்லாரும் படுத்த பிறகு பிரிஜ்ஜைத் திறந்து, நின்றபடியே தின்றேன். நல்லாக இருந்தது தம்பி. ஒரு துளித் தண்ணீர் இல்லை. அவிக்காமல் வாட்டினால் மரக்கறியின் தண்ணீர் அவனிலேயே ஆவியாகப் போய்விடும். இனிப்பும் கூடும். 31 வருடம் வடி, வடி என்று படிப்பித்தவளுக்கு இது தெரியவில்லை. காலையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூலையில் இருந்த ஒரு துண்டைக் கோப்பையில் தள்ளி, நாய்க்குப் போட்டதாகச் சொன்னேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதத்தான் பேனையை எடுத்தேனோ தெரியாது.

வைகாசியில், ஒழுங்கை முழுக்க வெசாக் விளக்குக் கூடு கட்டியிருந்த கிழமை, இரவு ஏழு மணிக்கு அவ எனக்குப் போன் எடுத்தா. உங்களுக்குப் பதினொன்றரை. "மாமி, கொஞ்சம் கதைக்க நேரம் இருக்கோ?" என்றா. குரலிலேயே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியபடியால்தான் பயந்தேன். "அடுப்பில் சோஸ் கிடக்கு பிள்ளை, அடிப்பிடிக்கும், பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. அடுப்பு மூட்டவே இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு, யன்னலால் எதிர்வீட்டுக் கூடு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கனநேரம் இருந்தேன்.

திரும்ப எடுக்கவில்லை. மறுநாள் கோயில், அதற்கடுத்த நாள் அப்பாவின் கிளினிக், அதற்குப் பிறகு இவ்வளவு நாள் கழித்து என்ன சொல்லி எடுப்பது என்ற வெட்கம். அவவும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் உன் கமரா கூரைக்குத் திரும்பியது. நான் அன்றைக்குக் கேட்டிருந்தால் ஏதும் மாறியிருக்கும் என்று சொல்லவில்லை. உங்களுக்குள் என்ன என்று எனக்குத் தெரியாது, நீ சொல்ல விரும்பாவிட்டால் சொல்லவும் வேண்டாம். அவ என்னிடம் ஒரு தரம் வந்தா, நான் சோஸைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவவின் நம்பர் என்னிடம் இன்னும் இருக்கிறது. எடுக்கலாம் என்று நினைக்கிறேன். உனக்காகப் பேச அல்ல. பூசணியை எத்தனை பாகையில், எவ்வளவு நேரம் வாட்டினா என்று கேட்க. எடுக்க வேண்டாம் என்றால் இந்த ஞாயிறுக்குள் சொல். நீ ஒன்றும் சொல்லாவிட்டால் எடுப்பேன்.

நீயும் அப்படியே வாட்டிச் செய். நான் மேலே எழுதின அவிக்கிற, வடிக்கிற பகுதியை வெட்டிவிடு. ஒராளுக்கென்றால் பால் ஒரு கோப்பையில் அரைவாசி, பட்டர் ஒரு மேசைக்கரண்டி, மா ஒரு மேசைக்கரண்டி. நேற்றிரவு இருந்து கணக்குப் பார்த்தேன். பூசணியில் ஒரு சின்னத் துண்டு காணும்.

அம்மா